ஏலகிரிப் பட்டறைக்குப் பழைய விறகு அடுப்பு: இரண்டு குளிர்காலம், இரண்டு அடுப்பு

மார்கழியில் ஒட்டிய நாற்காலிக் கால் தை பிறந்ததும் கையோடு வந்துவிட்டது. பெங்களூருக்குப் போன ஆறு நாற்காலிகளில் நான்கு திரும்பி வந்தன. ஏலகிரியில் அத்தனாவூர்ப் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் முதலில் பசையைத் திட்டினான், அப்புறம் வேலைக்கு இருக்கும் பையன்களைத் திட்டினான், கடைசியில் எனக்குப் போன் செய்தான். நான் போய் ஒரு மூட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பசை பசையாகவே இல்லை. சுண்ணாம்புப் பொடிபோல வெள்ளையாக உதிர்ந்தது.

பசையின் மேல் தப்பில்லை. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் நுண்ணிய பிசின் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீரை மரம் குடித்ததும் துளிகள் நெருங்கி, இளகி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாக வேண்டும். அப்படி இளகுவதற்குக் கொஞ்சம் சூடு வேண்டும். பசைக்குப் பசை மாறினாலும் 10 டிகிரியை ஒட்டி ஒரு கீழ்வரம்பு உண்டு. அதற்குக் கீழே போனால் துளிகள் துளிகளாகவே காய்ந்து பொடியாகிவிடும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைவிட மரம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் இதில் கணக்கு. ராத்திரி முழுக்க 11 டிகிரியில் கிடந்த வேங்கைக் கட்டை காலை பத்து மணிக்கும் கன்னத்தில் வைத்தால் சில்லென்றுதான் இருக்கும்.

வேலூர், ராணிப்பேட்டை வெயிலில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஏலகிரி கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். கீழே பொன்னேரியில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது, பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் சால்வை தேவைப்படும். மலை இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பருக்கு முன் வேலூர் மாவட்டம், 1989க்கு முன் எல்லாமே வட ஆற்காடு. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் வட ஆற்காடுதான்.

குளிரோடு ஈரமும் சேர்ந்துகொண்டது. பனிமூட்டம் இறங்கும் நாட்களில் பாலிஷ் அடித்த பலகை பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. ஆக பட்டறைக்குத் தேவை மிதமான சூடும் உலர்ந்த காற்றும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி பாதி வரைக்கும் காலையில் சில மணி நேரம் 20 டிகிரி இருந்தால் போதும். இந்த "போதும்" என்ற சொல்லை நான் அப்போது கவனித்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

மின் ஹீட்டரை மச்சான் முதலில் முயன்று பார்த்தான். 2 கிலோவாட் ஹீட்டரும் இழைப்பு மெஷினும் ஒன்றாக ஓடினால் டிரிப் ஆனது. எட்டு மணி நேரம் ஓட்டினால் 16 யூனிட். அதே பட்டறையின் பின்பக்கம் சில்வர் ஓக் துண்டுகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. "மாமா, விறகடுப்பு ஏதாவது வெச்சுடலாமா?" என்றான். சரி என்றேன்.

நான் ராணிப்பேட்டையில் 27 வருஷமாக ஃபேப்ரிகேஷன் வேலை செய்பவன். பாய்லருக்கான டக்ட், டேம்பர், ஃபேன் கேசிங் என்று கை போகாத இடமில்லை. நெருப்பும் புகையும் நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்கு 22,000 ரூபாய் கொடுத்தேன்.

பெரிய அடுப்பு

எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, 200 லிட்டர் டிரம்மைப் படுக்கப் போட்டு, கால் வைத்து, கதவு வெட்டி நானே செய்துவிடுவது. இதை உடனே விட்டுவிட்டேன். டிரம் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நெருப்பு நேராகப் படும் இடம் சிவக்கப் பழுத்து, சில பருவங்களில் அரித்துப்போகும். மரத்தூள் பறக்கும் அறையில் சிவந்த தகடு வேண்டாம். இரண்டாவது, ராணிப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு பழைய இரும்புக் கடையில் பார்த்த வார்ப்பிரும்பு அடுப்பு. மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அப்போது அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்கு சார் இது? நம்மூர்ல ரூமைச் சூடு பண்றதுக்கா?" நீலகிரிப் பக்கம் இடித்த ஒரு பங்களாவிலிருந்து வந்த சரக்கு என்றார். 140 கிலோ. முன்கதவில் திராட்சைக் கொடி வேலைப்பாடு, மேல்தட்டில் கெட்டில் வைக்க இரண்டு வட்ட மூடிகள், பின்னால் 6 அங்குலப் புகைவாய். செய்தவர் பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த இரும்புக்காரன் விழித்துக்கொண்டான். ஆசைதான், வேறொன்றுமில்லை.

சோதனையில் மட்டும் குறை வைக்கவில்லை. பழைய அடுப்பு வாங்க நினைப்பவர்களுக்கு இந்த இடம் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். முதலில் சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு தட்டையும் தட்டினேன். முழுத் தட்டு மணிபோல் கிண்ணென்று ஒலிக்கும், விரிசல் விழுந்தது டொக்கென்று செத்த ஒலி தரும். சந்தையில் பானை வாங்கும்போது நம் அம்மாக்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். அப்புறம் கடையின் ஷட்டரை இறக்கச் சொல்லி, எரியும் டார்ச்சை அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடி வெளியே இருந்து பார்த்தேன். வார்ப்பிரும்பு அடுப்புகள் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. தனித்தனித் தட்டுகளைக் கம்பியும் நட்டும் போட்டு இறுக்கி, இடுக்கில் சூடு தாங்கும் சிமெண்டைப் பூசியிருப்பார்கள். வருஷங்கள் போகப்போக அந்தச் சிமெண்ட் உதிர்ந்துவிடும். இரண்டு மூலைகளில் வெளிச்சக் கோடு தெரிந்தது. அதனால் பயப்பட வேண்டியதில்லை, பிரித்துச் சுரண்டி மறுபடி பூசிக்கொள்ளலாம். தட்டின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால்தான் விட்டுவிட்டு வரவேண்டும். வார்ப்பிரும்பை நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்யலாம், நானே செய்திருக்கிறேன். ஆனால் தினமும் சூடாகிக் குளிரும் அடுப்புத் தட்டில் அந்தப் பற்று பக்கத்திலேயே இன்னொரு விரிசலைத் திறக்கும்.

கதவு விளிம்பில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தால் நோட்டு வர மறுக்க வேண்டும். மேல்பக்கம் இறுக்கம், கீழ்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. காடியில் ஏதோ சாம்பல் நிறக் கயிறு நைந்து கிடந்தது. பழைய அடுப்புக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். விரலால் பிய்க்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுத்துப் பையில் கட்டிவிட்டு, கண்ணாடி இழைக் கயிறு ஒட்டினேன். உள்ளே நெருப்புத் தட்டு நடுவில் தொய்ந்திருந்தது. யாரோ பல வருஷம் சாம்பலை அள்ளாமல் எரித்திருக்கிறார்கள். சாம்பல் கீழே முட்டி நின்றால் தட்டுக்கு அடியில் காற்று ஓடாது, தட்டு தன் சூட்டிலேயே வளைந்துவிடும். அதை மட்டும் மாற்றி வார்த்து வாங்கினேன். மேல் துரு பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் போய்விட்டது.

இவ்வளவும் பார்த்தேன். அடுப்பில் பார்க்க வேண்டிய எல்லாமே பார்த்தாகிவிட்டது. பட்டறையைத்தான் பார்க்கவில்லை.

குட்டி யானையில் ஏற்றி, மலை ஏறி, நான்கு பேர் இறக்கி வைத்தோம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சூடான குழாய் தொட்டால் அந்த ஷீட் வெடித்துச் சிதறும், வெட்டினால் தூள் நெஞ்சுக்குக் கெடுதல். அதனால் புகைக்குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, இரண்டு எல்போ (வளைவுக் குழாய்) போட்டு மேலே ஏற்றினேன். குழாயின் மொத்த ஏற்றம் 3 மீட்டர், அதில் முக்கால்வாசி வெளிக்குளிரில் நின்றது. பாய்லர் வேலையில் இதைவிட எத்தனையோ வளைவுகள் போட்டிருக்கிறேன் என்று சமாதானம். அங்கே புகையை இழுக்க ஐ.டி. ஃபேன் இருக்கும் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

புகை அழுதது

2023 டிசம்பரில் முதல் நாள் நெருப்பு போட்டபோது எல்லோருக்கும் சந்தோஷம். அரை மணி நேரத்தில் அறை 32 டிகிரி ஆனது. பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தோம். அடுத்த நாளிலிருந்து மச்சான் காற்றுவழியை முக்கால்வாசி மூடி, குழாயை அடைக்கும் டேம்பர் தட்டையும் சாய்த்து, ஒரு கட்டையைப் போட்டு மூன்று மணி நேரம் புகைய வைக்கப் பழகிக்கொண்டான். விறகு மிச்சமாகிறது, சூடும் அளவாக இருக்கிறது என்று அவனுக்குப் பெருமை, எனக்கும் சேர்த்து.

மூன்றாவது வாரம் எல்போ மூட்டிலிருந்து கறுப்பாக ஒரு திரவம் சொட்ட ஆரம்பித்தது. வினிகரும் தாரும் கலந்த நெடி. சுவரில் இறங்கிய கறை இன்றைக்கும் இருக்கிறது. நான் மூட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று நினைத்து மறுபடி இறுக்கினேன். இன்னும் கீழே உள்ள மூட்டில் சொட்டியது.

அந்த நேரத்தில்தான் ஒரு மிலிட்டரிக்காரர் வந்தார். வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்றால் தெரியும், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், மகள் கல்யாணத்துக்குக் கட்டில் செய்யச் சொல்ல மச்சானிடம் வந்திருந்தார். காஷ்மீரில் பல குளிர்காலங்கள், அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் கழித்தவர். உள்ளே நுழைந்ததும் அடுப்பைப் பார்க்கவில்லை, வெளியே போய்க் குழாய் உச்சியில் வரும் புகையைப் பார்த்தார். வெள்ளையாக, கனமாக, மேலே போக மனமில்லாமல் கூரையில் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னா தம்பி, இவ்ளோ பெரிய அடுப்பைப் பட்டினி போட்டு வெச்சிருக்கீங்க? பட்டினி போட்டா புகை அழும். அந்தக் கறுப்புத் தண்ணி அதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஒரே வரியில் சொன்னதை நான் வீட்டுக்குப் போய்க் கணக்காகப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது.

விறகு நன்றாக எரிய வேண்டுமென்றால் விறகு மட்டும் எரிந்தால் போதாது, அதிலிருந்து கிளம்பும் புகையும் எரிய வேண்டும். விறகின் சூட்டில் பெரும்பகுதி அந்த ஆவியில்தான் இருக்கிறது. அடுப்பின் உள்பக்கம் 600 டிகிரிக்கு மேல் சூடாக, காற்று தாராளமாக இருந்தால் புகை சுவாலையாகிவிடும். காற்றை அடைத்தால் விறகு வெந்துகொண்டே ஆவியை எரிக்காமல் வெளியே தள்ளும். குழாய்க்குள் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் அந்த ஆவி தாராகப் படியும். படிந்த தார் என்றைக்காவது ஒரு நாள் பெருநெருப்பு போடும்போது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொண்டால் 1,000 டிகிரியைத் தாண்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ், பக்கத்தில் மரக்குவியல். துப்பாக்கித் தெர்மாமீட்டரால் குழாயின் வெளிப்பரப்பை அளந்தபோது 70 டிகிரிதான் காட்டியது. அன்றைக்கே நெருப்பை அணைத்துக் குழாயைக் கழற்றினோம். உள்ளே கிட்டத்தட்ட விரல் கனத்துக்கு மினுமினுப்பான கறுப்புக் கண்ணாடி.

இழுவையும் இதே கதைதான். குழாய்க்குள் இருக்கும் சூடான புகை வெளிக்காற்றைவிட லேசாக இருப்பதால்தான் மேலே போகிறது. ஏலகிரி உயரத்தில் காற்றே கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு மெலிது. 3 மீட்டர் குழாய், சராசரி 80 டிகிரிப் புகை என்றால் இழுவை 6 பாஸ்கல், நம் பாய்லர் பாஷையில் 0.6 மி.மீ. தண்ணீர். இரண்டு எல்போ அதிலும் கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம் அடுப்புக்குக் காணாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அறைக்குள் புகை வந்ததற்குக் காரணம் இதுதான். நாங்களோ கதவுக் கயிற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கு

பட்டறை 6 மீட்டருக்கு 4.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். வெளியே 11, உள்ளே 21 என்று வைத்தால் வித்தியாசம் 10 டிகிரி. 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 1.2 கிலோவாட்டை வெளியே விடும். இடுக்கு வழியாகப் போகும் காற்று அரை கிலோவாட். ஒற்றை ஆஸ்பெஸ்டாஸ் கூரை மட்டும் தனியாக 2 கிலோவாட்! மொத்தம் 4 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நான் வாங்கிய அடுப்பு ஒழுங்காக எரிந்தால் 12 கிலோவாட்டாவது தரும். நீலகிரியில் உயரமான கூடத்தைச் சூடாக்கச் செய்ததை ஏலகிரியில் ஒரு சின்ன அறையில் வைத்திருக்கிறோம். அதை ஒழுங்காக எரித்தால் நாங்கள் வெந்துபோவோம், நாங்கள் வசதியாக இருந்தால் அது அழும். நடுவில் வழி கிடையாது.

நம் பக்கத்து மலைகளில் பட்டறைக்குப் பழைய அடுப்பு தேடுபவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிடைக்கும் பழைய அடுப்புகள் பெரும்பாலும் நம்மைவிடக் கடுமையான குளிருக்கோ, நம் அறையைவிடப் பெரிய அறைக்கோ செய்யப்பட்டவை. அமெரிக்காவில் 1988இல் விறகு அடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தபிறகு வந்த அடுப்புகளில் புகையை எரிக்க மேலே தனிக் காற்றுத் துளைகளும் தடுப்புத் தட்டும் உண்டு; அவற்றை ஓரளவு குறைத்து எரித்தாலும் தாங்கும். பழசில் அது இருக்காது. பழசு ஒரு வேகத்தில் மட்டும் நன்றாக ஓடும் வண்டி மாதிரி. அந்த வேகம் நம் அறைக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

கூரைக்கு அடியில் சீலிங் போட்டால் என்ன ஆகும் என்று அடுத்து கணக்குப் போட்டேன். 50 மி.மீ. கிளாஸ் வுல், அதற்குக் கீழே சிமெண்ட் போர்டு. கூரை வழியாகப் போகும் 2 கிலோவாட் 200 வாட்டாகச் சுருங்கியது. மொத்தத் தேவை பாதியாகிவிடுகிறது. தெர்மாகோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று மச்சான் கேட்டான். புகைக்குழாய் நுழையும் கூரையில் தெர்மாகோல் வைப்பதற்குப் பதில் நேராகப் பெட்ரோலே ஊற்றிவிடலாம் என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொல்லியிருப்பேன்.

கோழி அடுப்பு

மூன்றாவது அடுப்பு மலையிலேயே இருந்தது. பட்டறையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் பழைய தோட்ட வீடு ஒன்றின் பின்கட்டில், கோழி முட்டையிடும் இடமாக. நீளப்பெட்டி வடிவம், ஒரு கதவு, அலங்காரம் எதுவும் இல்லை, 68 கிலோ, 5 அங்குலப் புகைவாய். ஒன்றரை அடிக்கும் குறைவான கட்டைதான் உள்ளே போகும். வீட்டுக்காரப் பெரியம்மா 6,500 கேட்டார், அதோடு ஒரு நிபந்தனை: "கோழிக்கு வேற இடம் பண்ணிக் குடுத்துட்டு எடுத்துக்கினு போங்கப்பா."

அதே சோதனைகள். ஸ்பேனர் ஒலி சுத்தம், டார்ச் வெளிச்சம் ஒரு மூலையில் மட்டும். உள்பக்கத்தில் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) இல்லை. கோழி எச்சத்தின் உப்பு அடித்தட்டில் கொஞ்சம் குழி பறித்திருந்தது. குழி ஆழத்தை அளந்து, மிச்சக் கனம் 5 மி.மீ.க்குக் குறையாததால் எடுத்துக்கொண்டு, அடியில் பிரிக் பதித்தேன். நானாகச் செய்த ஒரே மாற்றம், புகைவாய்க்கு முன்னால் 6 மி.மீ. தகட்டில் ஒரு தடுப்பு. சுவாலை நேராகக் குழாய்க்குள் ஓடாமல் முன்பக்கம் வந்து திரும்பும். தகட்டை வெல்டிங் செய்யவில்லை, சும்மா தாங்கி மேல் உட்கார வைத்திருக்கிறேன். இரும்பு விரியட்டும், சுருங்கட்டும்.

குழாயை இந்த முறை நேராக மேலே எடுத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்றை நனைத்து, அதைப் பிடித்திருந்த ஜே போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போட்டேன். சீலிங்கைத் தாண்டும் இடத்தில் 5 அங்குலக் குழாயைச் சுற்றி 9 அங்குல உறை, நடுவில் வெறும் காற்று. அடுப்பு மேல்தட்டிலிருந்து உச்சி வரை 4.5 மீட்டர், ஒரு வளைவும் இல்லை. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி அதிகம் என்ற பழைய விதியையும் பார்த்துக்கொண்டேன். புகை சராசரி 200 டிகிரியில் போனால் இழுவை கிட்டத்தட்ட 2 மி.மீ. தண்ணீர், முன்னைப்போல் மூன்று மடங்கு.

சீலிங்தான் எல்லாவற்றிலும் அதிகம் விழுங்கியது, அடுப்பைப்போல் நான்கு மடங்குக்கு மேல். திரும்பவும் செய்ய வேண்டி வந்தால் சீலிங்கை முதலில் போட்டுவிட்டு ஒரு குளிர்காலம் பார்ப்பேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையை மூழ்கடித்த வாரம், மலையில் நாள் முழுக்க மேகத்துக்குள்ளேயே இருந்தோம். வெளியே 15 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். உள்ளே அடுப்பு எரிய 23 டிகிரி, ஈரப்பதம் 58. தண்ணீரை எங்கேயும் வெளியேற்றவில்லை. அதே காற்றைச் சூடாக்கினாலே அதன் தாகம் கூடிவிடுகிறது. அன்றைக்கு ஒட்டிய மேசை இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறது. குழாயின் வெளிப்பரப்பு 170 டிகிரி காட்டியது, உச்சியில் புகை கண்ணுக்கே தெரியவில்லை, வெறும் சூட்டு அலை. பருவம் முடிந்து பிரஷ் விட்டபோது விழுந்தது இரண்டு கைப்பிடி உலர்ந்த கரி.

காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 4 யூனிட் சூடு உண்டு. இந்தப் பழைய அடுப்பில் அதில் பாதி அறைக்கு, பாதி வானத்துக்கு. காலையில் முதல் ஒரு மணி நேரம் நல்ல சுவாலையாக எரித்துவிட்டு, அப்புறம் மணிக்கு ஒரு கிலோ கணக்கில் சின்னச் சின்னத் துண்டுகளாக மச்சான் போடுகிறான். நாளுக்கு 10 கிலோ. பெரிய கட்டையைப் போட்டுக் காற்றை மூடும் பழைய பழக்கம் திரும்பி வராமல் இருக்க, டேம்பரையே கழற்றிவிட்டேன்.

விறகில் தச்சனுக்கு ஒரு வசதி, ஈரமானி கையிலேயே இருக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அடுப்புக்குப் போகாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட் வீணாகும், அந்த ஆவி போகிற வழியில் குழாயையும் குளிர்விக்கும். சில்வர் ஓக் துண்டு போதாதபோது ஜோலார்பேட்டையிலிருந்து வேலிக்காத்தான் வருகிறது. கனமான விறகு, நின்று எரியும், மெல்லியதாகப் பிளக்க வேண்டும். காட்டு விறகில் கை வைப்பதில்லை. இது சந்தன மலைகள் சூழ்ந்த பக்கம், திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கிறது. வனத்துறையிடம் போய் இது வெறும் சுள்ளி என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பிளைவுட், எம்.டி.எஃப். துண்டுகளும் பெயிண்ட் அடித்த பலகையும் அடுப்புக்குள் போகவே கூடாது, அதன் பிசினும் சாயமும் புகையில் நஞ்சாக வரும். மரத்தூளை அள்ளி அடுப்பில் வீசுவது இன்னும் மோசம். காற்றில் பரவிய தூள் ஒரே மூச்சில் பற்றும், ஒரு பையனின் புருவம் அதற்குச் சாட்சி.

அடுப்பைச் சுற்றி 3 அடிக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்குள் மரமோ துணியோ இருக்கக் கூடாது. பாலிஷ் ஸ்பிரே வேலை முழுவதும் இருபது அடி தள்ளிப் போட்ட தனிக் கொட்டகைக்குப் போய்விட்டது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிக்கொண்டு வரும். கதவை மூடினால் போதும் என்று நினைப்பவர்கள் அடுப்பு தன் காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்று யோசிக்க வேண்டும். சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில், வெளியே, சிமெண்ட் தரையில். அதற்குள் தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும்.

நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வந்தது. அறை கதகதப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் இரண்டு பேரும் ராத்திரி பட்டறையிலேயே பாயை விரித்துவிட்டார்கள். மச்சான் பரவாயில்லை என்று விட்டிருந்தான். மிலிட்டரிக்காரர் கட்டிலை எடுத்துப்போக வந்த அன்று அந்தப் பாயைப் பார்த்து முகம் மாறிப்போனார். வடக்கே மூடிய அறையில் அங்கீட்டி என்ற கரி அடுப்பை வைத்துத் தூங்கி, காலையில் எழாமல் போனவர்கள் செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நெடி இல்லை, நிறம் இல்லை. நெருப்பு தணலாகித் தூங்கும் நேரத்தில்தான் அது அதிகம், குழாயும் அப்போதுதான் குளிர்ந்து இழுவை குறைந்திருக்கும். "நாங்க சென்ட்ரி போட்டுத்தான் தூங்குவோம், ஒருத்தன் முழிச்சிருப்பான்" என்றார். அன்றோடு பாய் வெளியே போனது. சுவரில் ஒரு மோனாக்சைடு அலாரமும், அடுப்புக்குப் பின்னால் தரையை ஒட்டி மூட முடியாத ஒரு காற்றுத் துளையும் வந்தன. துளை வழியாகக் குளிர் வருகிறதே என்று இன்னமும் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

பெரிய அடுப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரரைக் கேட்டேன். கிலோ கணக்கில் பழைய இரும்பு விலை மட்டும் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. மலையிலிருந்து இறக்கும் வண்டி வாடகைக்கே அதில் பாதி போய்விடும். கடைசியில் அதை ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுபோய்த் தோட்ட வீட்டுப் பின்கட்டில் வைத்து, உள்ளே வைக்கோல் பரப்பிவிட்டு வந்தோம். இரண்டு நாள் கோழிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். மூன்றாம் நாள் பெரியம்மா போன் செய்தார். திராட்சைக் கொடிக் கதவு திறந்தபடி இருந்தால் மழை உள்ளே அடிக்கிறது, மூடினால் கோழி போக முடியவில்லை, வந்து ஒரு ஓரத்தை வெட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.